தண்டனை பெற்றவர்களின் பட்டியலை நாம் பார்க்க முடியுமா?

சட்டம்: வாசகர் கேள்விகள்

குன்னூர் பக்கம் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். அமெரிக்காவில், பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் நம் தெருவில் யார் யார் என்று இணையத்திலேயே பார்க்கலாமாம். காவலாளியை வேலைக்கு வைக்கும் முன் இங்கே அப்படிப் பார்க்க வழி உண்டா?
– வாசகி, குன்னூர்

இல்லை, அம்மா. அமெரிக்காவில் 1996-இல் வந்த மேகன் சட்டத்துக்குப் பிறகு அந்த விவரங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மொன்டானா போன்ற சில மாநிலங்கள் வன்முறைக் குற்றங்களையும் அதில் சேர்க்கின்றன. இந்தியாவிலும் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆனால் அதைக் காவல்துறையும் புலனாய்வு அமைப்புகளும் மட்டுமே திறக்க முடியும். பழைய குற்றவாளிகளைக் கண்காணிக்கக் காவல் நிலையத்தில் வைத்திருக்கும் ஹிஸ்டரி ஷீட்டும் காவல்துறையின் உள் ஆவணம்தான், பொதுவில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வேலையாட்களுக்கான நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பது. வருகிறவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர் என்றால் அவருடைய சொந்த ஊர்க் காவல்துறையின் சான்றையும் கேளுங்கள்.

இரண்டாவது, நீதிமன்ற வழக்குகளின் விவரம் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளம். இது இலவசம். 'வழக்கு நிலை' பகுதியில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, வழக்கில் சம்பந்தப்பட்டவர் பெயரில் குறைந்தது மூன்று எழுத்துகளும், வழக்குப் பதிவான ஆண்டும் கொடுக்க வேண்டும். நிலுவை, முடிந்தவை இரண்டையும் பாருங்கள். இந்தத் தேடல் ஒரு வளாகத்துக்கு, ஓர் ஆண்டுக்கு மட்டும்தான். குன்னூரில் எதுவும் வரவில்லை என்பதால் ஆள் சுத்தம் என்று ஆகிவிடாது. கொலை போன்ற கடும் குற்றங்களை செஷன்ஸ் நீதிமன்றம்தான் விசாரிக்கும், ஆகவே அது இருக்கும் உதகை வளாகத்தை விட்டுவிடாதீர்கள். ஆள் கூடலூர், பந்தலூர்க்காரர் என்றால் வயநாடு, மலப்புரம், சாமராஜநகர் மாவட்டங்களிலும் தேடுவது நல்லது. பெயர் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கும் என்பதால் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

எங்கள் எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த ஒருவரின் பெயர் இ-கோர்ட்ஸில் வருகிறது. வழக்கு 'முடிந்தது' என்று இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லோரையும் எச்சரிக்கலாமா?
– வாசகர், பந்தலூர்

தயவுசெய்து போடாதீர்கள். 'முடிந்தது' என்றால் தண்டனை என்று பொருள் அல்ல. விடுதலையான வழக்கும், சமரசமான வழக்கும் முடிந்த வழக்குகள்தான். உள்ளே திறந்து, எப்படி முடிந்தது என்ற வரியைப் படியுங்கள். வழக்கு பி.ஆர்.சி. (செஷன்ஸுக்கு அனுப்பும் முன் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பதிவாகும் வழக்கு) எண்ணில் இருந்தால், மாஜிஸ்திரேட் அதை செஷன்ஸுக்கு அனுப்பிவிட்டார், அவ்வளவுதான். விசாரணை எஸ்.சி. (செஷன்ஸ் வழக்கு) எண்ணில் தனியாக நடக்கும். தண்டனையே கிடைத்திருந்தாலும் மேல்முறையீட்டில் அது ரத்தாகியிருக்கலாம். நீலகிரி வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேட வேண்டும்.

பெயர்க் குழப்பம் இதைவிடப் பெரிய ஆபத்து. போஜன், பெள்ளி, மாதன், கிருஷ்ணன் என்ற பெயர்களில் நம் மலையில் எத்தனை பேர்! தீர்ப்பில் தந்தை பெயர், வயது, ஊர் மூன்றும் ஒத்துப்போகாமல் இவர்தான் அவர் என்று முடிவு கட்டாதீர்கள். தவறான ஆளைக் குற்றவாளி என்று பரப்பினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். அதைவிட, ஒரு லயன் வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தின் பிழைப்பே போய்விடும். உண்மையாகவே அச்சம் இருந்தால், வழக்கு எண்ணோடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

கொடைக்கானலில் மகளைப் பள்ளி வேனில் அனுப்புகிறோம். ஓட்டுநரைப் பற்றி இணையத்தில் எஃப்.ஐ.ஆர். தேடினேன், ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகி, கொடைக்கானல்

அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள், இணைப்புச் சிக்கல் உள்ள இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள் அதிலிருந்து விலக்கப்பட்டவை. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே தெரியாமல் இருக்க அது அவசியம். நீங்கள் எதைத் தேடுகிறீர்களோ அது அங்கே இருக்காது.

பள்ளி நிர்வாகத்திடம் கேளுங்கள். போக்சோ விதிகள் 2020-இன்படி, ஒப்பந்தப் பணியாளர் உட்பட, குழந்தைகளோடு பழகும் எல்லா ஊழியர்களுக்கும் குறித்த கால இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பு செய்வது பள்ளியின் கடமை. கடைசியாக எப்போது செய்தீர்கள், ஓட்டுநரோடு உதவியாளருக்கும் செய்தீர்களா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஆனால் பெரும்பாலான குற்றங்களில், செய்தவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர், எந்தப் பதிவிலும் இல்லாதவர். மகள் வேனில் ஏற மறுத்தால் காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.