மின்சார ஸ்போர்ட்ஸ் கார் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்சார கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு நெடுநாளாக ஒரு ஆதங்கம். சாதாரணக் குடும்பக் கார்களை லட்சக்கணக்கில் விற்கும் பெரிய கம்பெனிகள் ஏன் துணிந்து ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் காரைச் செய்யக் கூடாது? எல்லாருமே உயரமான எஸ்யூவிகளாகத்தான் செய்து தள்ளுகிறார்கள். ஆயிரம் குதிரைத்திறனில் ஒரே ஒரு கார் செய்தால் போதும், நஷ்டமானாலும் பரவாயில்லை, அந்தக் கம்பெனியின் மேல் இருக்கும் பார்வையே மாறிவிடும் என்று நினைக்கிறேன். என் நண்பரோ அந்தப் பணத்தில் விலை குறைந்த மின்சார கார் செய்வதுதான் நியாயம் என்கிறார். இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தக் கார்களில் ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் சத்தம் போடுகிறார்களே, அதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

செய்ய வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. ஆனால் ஆயிரம் குதிரைத்திறன் வேண்டாம், நஷ்டமானாலும் பரவாயில்லை என்பதும் வேண்டாம்.

முதலில் அந்த ஆயிரத்தைப் பார்ப்போம். பெட்ரோல் காலத்தில் திறனைக் கூட்டுவது பெரிய வித்தை. சிலிண்டர் கூட வேண்டும், அதற்கேற்ற குளிரூட்டல், அந்த முறுக்கைத் தாங்கும் கியர்பாக்ஸ், எல்லாவற்றையும் ஒத்துப்போக வைக்க வருடக்கணக்கில் உழைப்பு. அதனால்தான் குதிரைத்திறனைச் சொன்னாலே அந்தக் கம்பெனியின் தரம் தெரிந்தது. மின்சாரத்தில் அப்படி இல்லை. ஷாவ்மி அடிப்படையில் ஃபோன் கம்பெனி. தன் முதல் காரான எஸ்யூ7-ஐ 2024 மார்ச்சில் விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஒரு வருடம் முடிவதற்குள் அதன் அல்ட்ரா வடிவத்தை மூன்று மோட்டார்களும் 1,548 குதிரைத்திறனுமாக விற்க ஆரம்பித்துவிட்டது. சீனக் கார் கம்பெனி பிஒய்டி 2025 செப்டம்பரில் தன் யாங்வாங் யூ9 ஸ்போர்ட்ஸ் காரின் எக்ஸ்ட்ரீம் வடிவத்தை ஜெர்மனியின் பாப்பன்பர்க் சோதனைத் தடத்தில் மணிக்கு 496 கிலோமீட்டர் வரை ஓட்டிக் காட்டியது. இந்தக் கூட்டத்துக்குள் ஒரு பழைய, மரியாதையான குடும்பக் கார் கம்பெனி ஆயிரம் குதிரைத்திறனோடு வந்து நின்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இன்று பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற மின்சார கார்களிலேயே சில ஐந்து நொடிக்குள் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடுகின்றன.

வாங்குகிறவர்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். ரிமாட்ஸ் நெவெரா உலகின் மிக வேகமான மின்சார கார்களில் ஒன்று, மொத்தமே 150 தான் செய்வதாக அறிவித்தார்கள். இந்த அளவு பணம் கொடுப்பவர்கள் எஞ்சின் உள்ள காரைத்தான் கேட்கிறார்கள் என்று அதை உருவாக்கிய மாடே ரிமாட்ஸே 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். போர்ஷேயின் மின்சார காரான டைகானின் விற்பனை 2023-இல் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல், அடுத்த வருடம் அதில் பாதி. பெயரும் பாரம்பரியமும் உள்ள கம்பெனிக்கே இந்த நிலை.

டைகானைச் சொன்னதால் அதற்குரிய மரியாதையையும் கொடுத்துவிடுகிறேன். 2019-இல், வேகமாக சார்ஜ் ஏற்ற உதவும் 800 வோல்ட் மின்னமைப்போடு விற்பனைக்கு வந்த முதல் கார் அதுதான். இரண்டே வருடத்தில் ஹூண்டாயும் கியாவும் அதே 800 வோல்ட்டைக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், பதினெட்டு நிமிடத்தில் பத்து சதவீதத்திலிருந்து எண்பது வரை சார்ஜ் ஏறுகிறது. விலை உயர்ந்த கார் ஒன்று வழி திறந்தால் மற்ற கார்களுக்கும் நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு திறந்தாகிவிட்டது. இன்னொரு கம்பெனி இன்று புதிதாக எந்தக் கதவைத் திறக்கப் போகிறது என்பதுதான் கேள்வி.

எதையும் திறக்காமல் முடிந்துபோன முயற்சிகளும் உண்டு. ஆடி (Audi) கம்பெனி 2015-இல் ஆர்8 ஈ-ட்ரான் என்று ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது, நூறுகூட விற்காமல் அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகனின் மின்சாரப் பந்தய வண்டியான ஐடி.ஆர் 2018-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப்பாதைக் கார் பந்தயத்தில் எட்டு நிமிடத்துக்குள் ஏறிய முதல் வண்டி, அருமையான சாதனை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஃபோக்ஸ்வாகன் ஷோரூமுக்குப் போனவருக்கு அங்கே அந்த வண்டியோடு சொந்தம் கொண்டாட ஒன்றும் இல்லை. நஷ்டமானாலும் பரவாயில்லை என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு உறுத்துவது பணம் அல்ல. பெரிய கம்பெனியில் உண்மையான பஞ்சம் நல்ல பொறியாளர்களுக்குத்தான். அவர்களை நான்கைந்து வருடம் ஒரு காட்சிப் பொருளில் கட்டிப்போட்டால் அந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

சரி, அப்படியென்றால் எதற்காகச் செய்ய வேண்டும்? எடையைக் குறைக்கக் கற்றுக்கொள்வதற்காக. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

ஐம்பது லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 37 கிலோ, ஓட ஓட அதுவும் குறைந்துகொண்டே வரும். எண்பது கிலோவாட் ஹவர் (மின்கட்டண ரசீதில் வரும் எண்பது யூனிட்) பேட்டரி ஐந்நூறு கிலோவை ஒட்டி வரும், காலியானாலும் அதே எடைதான். அதைச் சுமக்கக் கனமான சட்டகம், நிறுத்தப் பெரிய பிரேக், பிடித்து வைக்க அகலமான டயர், அந்த டயருக்குப் பெரிய சக்கரம் என்று எடை எடையைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஹூண்டாயின் வேகமான மின்சார காரான ‘ஐயோனிக் 5 என்’ (Ioniq 5 N) சுமார் 2,200 கிலோ. அது பிரமாதமான கார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிராக்கில் ஓட்டுவதற்கு முன் பேட்டரியின் சூட்டைப் பதப்படுத்த அதில் இரண்டு தனி வழிகள் வைத்திருக்கிறார்கள், நேர்கோட்டில் ஒரே பாய்ச்சலாகப் பாய வேண்டுமென்றால் பேட்டரி கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும், சுற்றிச் சுற்றி வர வேண்டுமென்றால் குளிர்ச்சியாகத் தொடங்க வேண்டும் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். அவ்வளவு செய்தும், சுற்றுக்கு 20.8 கிலோமீட்டர் உள்ள ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் திறன் குறையாமல் இரண்டு சுற்று வரும் என்பதுதான் அந்தக் கம்பெனியே பெருமையாகச் சொல்வது. கணக்குப் போட்டாலும் அப்படித்தான் வரும். டிராக்கில் சராசரியாக 160 கிலோவாட் இழுத்தால் எண்பது கிலோவாட் ஹவர் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். இதற்குப் பதிலாக இன்னும் பெரிய பேட்டரி வைக்கலாம் என்று தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது.

அதனால் எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். மாஸ்தாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5 1989-இல் வந்தபோது ஆயிரம் கிலோவுக்கும் குறைவு, 115 குதிரைத்திறனை ஒட்டித்தான் எஞ்சின். உலகத்தில் அதைவிட வேகமான கார்கள் எத்தனையோ இருந்தன, ஆனால் 2016-இல் அதன் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. ஒரு குடும்பக் கார் கம்பெனி தன் முகத்தை மாற்றிக்கொண்டதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, நஷ்டப்பட்டும் மாற்றவில்லை. மின்சாரத்தில் ஆயிரம் கிலோ இன்றைக்கு நடக்காது என்று ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது கிலோவாட் ஹவர், இரண்டு இருக்கை, 1,300 கிலோ என்று ஒரு குறி வைக்கலாம். அல்பீன் ஏ290 ஐந்து பேர் உட்காரும் கார், 52 கிலோவாட் ஹவர் பேட்டரியோடு 1,479 கிலோவில் வந்திருக்கிறது என்றால், பின் இருக்கையையும் இரண்டு கதவையும் எடுத்துவிட்டு ஒரு நல்ல குழு உட்கார்ந்தால் மிச்சத்தையும் குறைத்துவிடலாம். ரெனோ அறிவித்திருக்கும் 5 டர்போ 3ஈ-யும் 1,450 கிலோதான், பின்சக்கரங்களுக்குள்ளேயே மோட்டார். ஆசையாக இருக்கிறது, ஆனால் மொத்தம் 1,980 என்று எண்ணி வைத்துவிட்டார்கள், சேகரிப்பவர்களின் கொட்டகைக்குத்தான் போய்ச் சேரும்.

பேட்டரியைத் தரைக்கு அடியில் பலகைபோலப் பரப்பி வைப்பதையும் விட வேண்டும். அப்படி வைத்தால் ஓட்டுபவர் அதன் மேல் ஏறி உட்கார வேண்டியிருக்கிறது, கூரையும் கூடவே உயர்கிறது, நீங்கள் சலித்துக்கொண்ட அந்த எஸ்யூவி வடிவம் பாதி இதனால் வந்ததுதான். எஞ்சின் இருந்த இடத்தில், இருக்கைக்குப் பின்னால் பேட்டரியை அடுக்கினால் இடுப்பு மறுபடி தரையை ஒட்டி வந்துவிடும். போர்ஷே தன் மிஷன் ஆர் மாதிரி வண்டியில் அப்படித்தான் செய்து பார்த்தது.

இப்போது உங்கள் நண்பருக்கு வருகிறேன். அவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் எதிரெதிர் என்று இருவருமே நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை குறைந்த மின்சார காருக்குத் தலையாய எதிரி பேட்டரியின் விலை. காரின் எடை குறைந்தால் சின்ன பேட்டரியே அதே தூரம் ஓட்டும், விலை இறங்கும். ஆக, நல்ல ஸ்போர்ட்ஸ் காருக்கு எது வேண்டுமோ அதுவேதான் மலிவு விலைக் காருக்கும் வேண்டும். இது வெறும் ஊகம் இல்லை. ஹோண்டா 1990-இல் என்எஸ்எக்ஸ் என்ற சூப்பர் காரை முழு அலுமினிய உடலில் செய்தது. மெக்லாரன் எஃப்1 என்ற சூப்பர் காரை வடிவமைத்த கோர்டன் மர்ரே அந்தக் காரின் ஓட்டத்தைத்தான் தனக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டார். எல்லாரும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அந்த அலுமினிய அனுபவம் 1999-இல் முதல் தலைமுறை இன்சைட் காருக்குப் போனது, என்எஸ்எக்ஸ் செய்த அதே டகானெசாவா தொழிற்சாலையில்தான் அதையும் செய்தார்கள். 850 கிலோவுக்கும் குறைவு, எரிபொருள் சிக்கனத்தில் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அதை மிஞ்ச வேறு கார் இல்லை. ஒரு சூப்பர் காரிலிருந்து ஒரு சிக்கனக் கார் பிறந்திருக்கிறது. ஒரு பெரிய கம்பெனி இப்படி ஸ்போர்ட்ஸ் காரையும் மலிவு விலைக் காரையும் ஒரு கயிற்றால் முன்கூட்டியே கட்டிக்கொண்டு இறங்கினால் அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்வளவு செலவழித்தாலும் நான் கைதட்டுவேன்.

டெஸ்லாவும் 2008-இல் ரோட்ஸ்டரில்தானே தொடங்கியது என்று கேட்பீர்கள். அவர்களிடம் விற்க வேறு கார் இல்லை, அந்த 2,450 சொச்சம் கார்கள்தான் பிழைப்பு. ஷோரூம்களும் வாடிக்கையாளர்களும் ஏற்கெனவே உள்ள கம்பெனிக்கு அந்த வழி பொருந்தாது.

சத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐயோனிக் 5 என்-இல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள, கியர் மாற்றும் துடுப்பு வடிவ விசையை இழுத்தால் மோட்டாரின் இழுப்பு ஒரு கணம் அறுந்து, கியர் மாறியதுபோல உடம்பு ஒரு வெட்டு வெட்டும். மாற்றாமல் விட்டால் பொய்யான ஒரு எல்லையில் போய் முட்டிக்கொண்டு கார் மேலே இழுக்காது. எஞ்சினும் இல்லை, கியரும் இல்லை, எல்லாம் மென்பொருள். இதைக் கேலி செய்தவர்கள் பலர், நான் அந்தப் பக்கம் இல்லை. வளைவுக்குள் நுழையும்போது யாரும் வேகமானியைப் பார்ப்பதில்லை, காதால்தான் வேகத்தை அளக்கிறோம், எந்தக் கியரில் இருக்கிறோம் என்பதை வைத்துத்தான் பிரேக்கை விடுகிறோம். மௌனமான காரில் அந்தத் தகவல் போய்விடுகிறது, அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், வேண்டாம் என்றால் அணைத்தும் வைக்கலாம். ஆனால் 1,300 கிலோ காரில் டயரின் பிடி எங்கே தளர்கிறது என்பது ஸ்டியரிங் வழியாகவும் முதுகு வழியாகவுமே தெளிவாக வந்துவிடும். அங்கே ஸ்பீக்கருக்கு எவ்வளவு வேலை மிச்சமிருக்கும் என்பதை யாராவது அப்படி ஒரு காரைச் செய்து கொடுத்தால் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.