போட்டோவைக் காட்டி "இவ எப்படி இருக்கா?" என்று கேட்கிறான்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. சொந்த ஊர் தேனி மாவட்டம் கூடலூர். குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதே கடையில் காய் தரம் பிரிக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறவன் என் நெருங்கிய நண்பன். அவன் கம்பத்துக்காரன் என்பதால் காலையில் அங்கேயே பஸ் ஏறி எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைப்பான். ஏலத்துக்குப் புற்றடி போகிற நாளில்கூட அங்கிருந்து போன் செய்து "சாப்டியா" என்று கேட்பான். எனக்கு எப்போது அவன் மேல் ஆசை வந்தது என்று தெரியவில்லை. இப்போது அவன் வீட்டில் பெண் பார்க்கிறார்கள். வருகிற போட்டோவை எல்லாம் என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கிறான். "உன்னைச் சோதிக்கிறான்டி" என்கிறாள் என் தோழி. போன வாரம் ஒரு போட்டோவைப் பார்த்து "மூக்கு கொஞ்சம் பெரிசு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணைப் பார்க்கவே அவன் போகவில்லை. அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவனிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் பேசாமல் போய்விடுவானோ?
- பெயர் வேண்டாம், கூடலூர்

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். முதலில் அந்த மூக்கு விஷயம். யாரோ ஒரு வீட்டில் ஒரு பெண், மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று காத்திருந்து, ஏன் வரவில்லை என்று தெரியாமலே இருக்கிறாள். நீ கெட்டவள் இல்லை, ஆனால் அந்த வேலைக்கு நீ சரியான ஆளும் இல்லை. அவனிடம் எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், போட்டோ பார்க்கிற வேலையை இன்றோடு விட்டுவிடு.

தோழி சொன்னதை நம்பாதே. சோதிக்கிறவன் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், நீ சொன்ன குறையைக் கேட்டு ஒரு சம்பந்தத்தையே விட்டுவிட மாட்டான். இவன் உன் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறான், அந்த அளவுக்கு நம்பிக்கை. சீட் பிடிப்பதும் போன் செய்வதும் உண்மையான பாசம்தான், ஆனால் நீ ஓர் ஆணாக இருந்திருந்தாலும் இதையெல்லாம் அவன் செய்திருப்பான் என்றுதான் உன் கடிதத்தைப் படித்தால் எனக்குத் தோன்றுகிறது.

சரி, சொல்லலாமா? சொல்லு. ஒரே ஒரு தடவை, அதுவும் எந்த வீட்டிலாவது பூ வைப்பதற்கு முன்னால். பூ வைத்த பிறகு என்றால் வாயைத் திறக்காதே, அப்புறம் நடுவில் இன்னொருத்தியின் வாழ்க்கை வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வேண்டாம். நீ அனுப்பியது ஸ்கிரீன்ஷாட்டாக அவன் மச்சான் வரைக்கும் போகும், நீலக் குறி விழுந்து பதில் வராத ஒரு ராத்திரியை உன்னால் தாங்கவும் முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் வேண்டாம், சொல்லி முடித்த பிறகு லோயர் கேம்ப் இறங்குகிற வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் ரெண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு என்ன பேசுவீர்கள்? சாயங்காலம் குமுளி பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டன் சாயா வாங்கிக்கொண்டு நின்று சொல்லு, சொல்லிவிட்டு அவனை ஒரு பஸ்ஸில் அனுப்பிவிட்டு நீ அடுத்ததில் ஏறு. "எனக்கு உன் மேல ஆசை வந்திருச்சு. உனக்கு அப்படி இல்லன்னா இல்லன்னு சொல்லிடு, நான் தாங்கிக்குவேன். போட்டோ மட்டும் இனிமே காட்டாத." இவ்வளவு போதும். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் "நீ இல்லாம நான் இல்ல" மாதிரி எதுவும் சொல்லிவிடாதே, அது அவன் கழுத்தைப் பிடிப்பதுதான்.

அவன் பதிலைக் காது கொடுத்துக் கேள். 1993-ல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமெய்ஸ்டரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒருதலையாக ஆசைப்பட்ட அனுபவம், அப்படி வந்த ஆசையை மறுத்த அனுபவம், இரண்டையும் எழுதி வாங்கிப் படித்துப் பார்த்தார்கள். ஆசைப்பட்டவர்களுக்கு வலியோடு கொஞ்சம் இனிப்பும் நினைவில் இருந்ததாம், மறுத்தவர்களுக்குத்தான் குற்ற உணர்ச்சியும் எரிச்சலும் அதிகம், எப்படிச் சொல்வது என்றே தெரியாமல் திண்டாடியிருக்கிறார்கள். தெளிவாகச் சொன்னோம் என்று மறுத்தவர்கள் நினைக்க, எதிரில் இருந்தவர்களுக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை. அதனால் உன் நண்பன் "பாக்கலாம்", "இப்ப எதுக்கு இதெல்லாம்" என்று இழுத்தால் இல்லை என்றே எடுத்துக்கொள். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் அது வெறுப்பு ஆகிவிடாது, என்ன பேசுவது என்று தெரியாத சங்கடமாகவும் இருக்கலாம்.

ஒரே கடை என்பதால் ஒளிய முடியாது. காய் வரத்து நிறைய இருக்கும் மாதங்களில் தலை நிமிர நேரம் இருக்காது, அது ஒரு விதத்தில் நல்லது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் காய் பொறுக்குகிற அக்காக்களோடு போய் உட்கார், அவர்களுக்கு நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் முன்னாலேயே கண்டுபிடித்திருப்பார்கள். சீட் பிடிக்காதே என்றும் நீதான் அவனிடம் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் விட அதுதான் கஷ்டமாக இருக்கும், நின்றுகொண்டே மலை ஏறு.

ஒருவேளை "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டான் என்றால் இந்தப் பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்குப் பத்திரிகை அனுப்பு.

கேள்வி: கல்லூரியில் இருந்தே கூட இருந்த தோழி என்னைக் காதலிப்பதாகச் சொன்னாள். எனக்கு அப்படி இல்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது போன் எடுப்பதில்லை, என் ஸ்டேட்டஸை மட்டும் பார்க்கிறாள். பழையபடி ஆக்க என்ன செய்யலாம்?
- நகரி வாசகர்

பதில்: ஒன்றும் செய்யாதீர்கள் தம்பி. நீங்கள் செய்யவேண்டியதைச் செய்தாகிவிட்டது, மீதியை எப்போது செய்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். ராத்திரியில் "சாப்பிட்டியா" மெசேஜ் வேண்டாம், அவளுக்குத் தெரிந்தவர்களை அனுப்பி சமாதானமும் பேச வேண்டாம். அவள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், அவள் பார்ப்பாள் என்று தெரிந்தே ஸ்டேட்டஸில் சோகப் பாட்டு போடுகிறீர்கள் அல்லவா, அதை நிறுத்துங்கள்.