கேள்வி – பதில்: பாடகர்களும் அவர்கள் பாடிய மேடைகளும்

கேள்வி: கே.பி. சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டால், குரல் எப்போதும் உச்சத்திலேயே நிற்கிறது. அது இயல்பாக அமைந்த குரலா, பயிற்சியால் வந்ததா? – கரூர் வாசகி

பதில்: இரண்டும் உண்டு. ஆனால் அவர் பாடிப் பிழைத்த இடம்தான் முதற்காரணம் என்பேன். 1908இல் கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள், சிறுமியாக இருந்தபோதே நாடகக் கம்பெனிக்குப் போனவர். அந்நாளைய ஸ்பெஷல் நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும், ஒலிபெருக்கி கிடையாது. வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடினால், முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கொட்டகையின் கடைசியில் நிற்பவருக்கும் ஒரு சொல்கூடத் தப்பாமல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கடைசி வரிசை சும்மா இருக்காது. மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கே மிகக் கூர்மையானது. அழுத்தம் கொடுத்து மேல்ஸ்தாயியில் பாடும் குரலில் அந்தப் பகுதி வலுவாக இருப்பதால், அது கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். நாடகக்காரர்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை, ஆயினும் அதன்படியே பாடினார்கள். பாடகரின் ஆதார சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். இன்றைய ஆண் பாடகர்களில் பலர் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிற்க, சுந்தராம்பாளின் கணவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா ஐந்து கட்டையை ஒட்டிப் பாடி மேடையை ஆண்டார். இருவரும் ஜோடி சேர்ந்ததே இலங்கை நாடக மேடையில்தான்.

கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைச் சேலைக்கு மாறிய அவர், எந்த ஆணுக்கும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். வேறொருவருடைய தொழில் அத்தோடு முடிந்திருக்கும். அவரைத் திரைக்கு அழைக்க நினைத்தவர்கள் அந்த உறுதிக்கேற்ற வேடத்தைத் தேட வேண்டியதாயிற்று. 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் அவர் ஆண்வேடமே பூண்டார், ஒரு லட்சம் ரூபாய் ஊதியமும் பெற்றார். அதே படத்தில் வேதியராக நடித்தவர் கர்நாடக இசையின் பெருவித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் என்பதை இன்றைய சபா ரசிகர்கள் பலர் நம்ப மறுப்பார்கள். பிறகு 1953இல் ஔவையார். ஒலிவாங்கி வந்து மற்றவர்களெல்லாம் மெல்லப் பாடக் கற்றுக்கொண்ட காலத்திலும் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. 1965இல் வந்த திருவிளையாடலில் ஔவையாகப் பாடுகிறபோதும் கொட்டகையின் கடைசி வரிசைக்குத்தான் பாடுகிறார். துணைவன் படத்துக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தபோது, வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

கேள்வி: கச்சேரிப் பாடகிகள் சினிமாவில் பாடினால் சபாவில் மதிப்புக் குறையும் என்ற பேச்சு உண்மையா? – மயிலாடுதுறை வாசகர்

பதில்: பேச்சு இருந்தது உண்மை, மதிப்புக் குறைந்ததாகச் சொல்ல முடியாது. டி.கே. பட்டம்மாள் தேசபக்தி, தெய்வபக்திப் பாடல்களை மட்டுமே திரைக்குப் பாடுவதென்று தாமே ஒரு கோடு கிழித்துக்கொண்டார். 1947 ஜனவரியில் வந்த நாம் இருவர் படத்தில், சுதந்திரம் அடைந்துவிட்டதாகவே ஆடிப்பாடும் பாரதி பாட்டை அவர் குரலில் தமிழ்நாடு கேட்டது. ஆகஸ்டு வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. எம்.எல். வசந்தகுமாரி அப்படிக் கோடு எதுவும் போட்டுக்கொள்ளாமல் திரைப்பாட்டுகளையும் தாராளமாகப் பாடினார். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் சீடர் என்ற பெருமைக்கு அதனால் பங்கம் வரவில்லை. பட்டம்மாளுக்கு 1970இலும் வசந்தகுமாரிக்கு 1977இலும் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி பட்டம் வழங்கியது.

இதில் காலத்துக்கும் பங்குண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி திரைக்கு வந்த 1938இல், படத்தில் பாட வேண்டுமானால் பெரும்பாலும் வேடம் கட்டி நடிக்கவும் வேண்டும். மீரா படத்துக்குப் பிறகு அவர் நடிப்பை விட்டு விலகினார். வசந்தகுமாரி வந்தபோது பின்னணிப் பாட்டு வேரூன்றிவிட்டதால், முகம் காட்டாமல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிவிட்டு மாலையில் கச்சேரிக்குப் போக முடிந்தது. சபா முணுமுணுத்தது பாட்டைப் பற்றி என்பதைவிட, அரிதாரத்தைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: நாகூர் ஈ.எம். ஹனிபாவைப் பக்திப் பாடகர் என்பதா, கட்சிப் பாடகர் என்பதா? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: அவரைக் கேட்டவர்கள் அப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடிய அதே குரல்தான் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தேர்தல் மேடைகளில் உதயசூரியனைப் பாடியது. தர்கா விழாவானாலும் பொதுக்கூட்டமானாலும் அவருடைய இடம் திறந்தவெளிதான். கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் நெளிவுசுளிவெல்லாம் காற்றோடு போய்விடும், நேராக எறியும் கணீர்க் குரல்தான் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேரும். திரைப்படத்துக்கு அவர் பாடியவை சொற்பம். 1961இல் வந்த பாவமன்னிப்பில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடிய 'எல்லோரும் கொண்டாடுவோம்' அவற்றில் ஒன்று. தேடிக் கேளுங்கள், யார் எந்த அடியைப் பாடுகிறார் என்று எவரும் சொல்லித்தர வேண்டியிராது.