ஓக் மரத்தடியில் பால் வடியும் காளான்: எப்படி இனம் காண்பது? சமைக்கலாமா?

இங்கிலாந்துப் பூங்காவில் ஓக் மரத்தடியில் செம்பழுப்புக் காளான் கிடைத்தது, கீறினால் பால் வடிகிறது, இது நம் ஊர்ப் பால் காளான்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பால் காளான் கலோசைபி இண்டிகா. வெள்ளையாக இருப்பதால் அந்தப் பெயர். கீறினால் ஒரு சொட்டும் வராது. நீங்கள் பார்த்தது அநேகமாக மில்க்கேப், அதாவது கீறினால் பால் வடியும் வேறொரு காளான் வகை. இரண்டையும் ஒரே பெயரில் மொழிபெயர்த்துப் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். வயிற்றுக்குள் போகிற பொருளில் இந்த அலட்சியம் கூடாது.

பால் வந்தாலே மில்க்கேப் என்றும் முடிவுகட்ட வேண்டாம். மைசீனா என்ற சிறு காளான் வகையில் சிலவும் பால் கசியும். ஆனால் அவற்றின் தண்டு ஈர்க்குச்சி கனம்தான். மில்க்கேப்பின் தண்டு விரல் கனம் இருக்கும், வளைத்தால் நாராகக் கிழியாமல் சாக்பீஸ் மாதிரிப் பட்டென்று ஒடியும். சதையில் உருண்டைச் செல்கள் நிறைந்திருப்பதே காரணம்.

மழை பெய்த மறுநாள், இளங்காளானாகப் பார்த்து எடுங்கள். முற்றிக் காய்ந்ததில் பால் வற்றியிருக்கும். தண்டை அறுக்காதீர்கள், அடிமண்ணோடு தோண்டுங்கள். உயிரையே பறிக்கும் டெத் கேப் என்ற நச்சுக்காளானும் ஓக்கடியில் முளைக்கும். அதில் பால் இல்லை, ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும், தண்டின் அடியைச் சுற்றிய பை மண்ணுக்குள் புதைந்திருக்கும்.

பிறகு குடையைக் கவிழ்த்து, அடியிலுள்ள மடிப்புகளைக் கத்தி முனையால் குறுக்கே கீறுங்கள். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றுங்கள், இன்னொன்றை மடிப்பிலேயே விட்டுப் பாருங்கள். மடிப்பில் நின்ற பால் சில நொடிகளில் கந்தக மஞ்சளானால் அது லாக்டேரியஸ் கிரைசோரியஸ். நஞ்சு. டிஷ்யூவில் மட்டும் மெல்ல மஞ்சளானால் வேறு இனங்கள்.

பால் பாலாடை நிறத்திலேயே நின்றால் லாக்டேரியஸ் குவைட்டஸாக இருக்கலாம். குடை 3 முதல் 8 செ.மீ., மங்கிய செங்கல் நிறம், மேலே வட்டவட்டமாக மங்கலான பட்டைகள். ஒரு துண்டை நசுக்கி மோந்து பாருங்கள்: எண்ணெய்ச் சிக்கோடு மூட்டைப்பூச்சியை நசுக்கிய வாடை. இங்கிலாந்திலும் அதே உவமைதான், ஓக்பக் மில்க்கேப் என்கிறார்கள். இது ஓக்கின் வேரோடு மட்டுமே கூட்டு வாழ்வது.

பால் ஏராளமாக வடிந்து, பட்ட இடம் பழுப்பாகி, மீன் வாடை அடித்தால் லாக்டிஃப்ளூஸ் வொலெமஸ். உண்ணத்தக்கது, பிரிட்டனில் அரிது, பறிக்காமல் விடுங்கள். கம்பளி போல ரோமம் படர்ந்த பெரிய வெள்ளைக் குடை என்றால் லாக்டிஃப்ளூஸ் வெல்லேரியஸ், காரம் தாங்காது.

சுற்றிலும் வேறு மரங்கள் உண்டா என்றும் பாருங்கள். வேர் கிளையைத் தாண்டி ஓடும். ஓக்கடி என்று நினைத்தது பக்கத்து பிர்ச் மரத்தின் காளானாக இருக்கலாம். விளிம்பில் கம்பளி ரோமத்தோடு இளஞ்சிவப்பாக இருக்கும் லாக்டேரியஸ் டொர்மினோசஸ் அப்படி வருவதுதான், வயிற்றைப் பிரட்டும்.

நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லவில்லையே என்று கேட்பவர்களுக்கு: காரமா கசப்பா என்பது நல்ல அடையாளம்தான். ஆனால் அது மில்க்கேப் என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டும் பொட்டளவு தொட்டுத் துப்பிப் பார்க்கும் சோதனை. கேட்டவர் புதியவர், அதனால் சொல்லவில்லை. போட்டோ பார்த்துப் பெயர் சொல்லும் செயலிக்குப் பால் நிறம் மாறுவதும் தெரியாது, வாடையும் தெரியாது.

உங்களுடையது குவைட்டஸ்தான் என்றாலும் சமைக்க வேண்டாம். கசப்பு, அந்த வாடை. குழம்பில் போட ஒன்றுமில்லை.