ஜோடியாக வாங்கிய பின்ச்சுகள் ஏன் குஞ்சு பொரிக்கவில்லை?

கேள்வி: எட்டடி நீளக் கூண்டில் 5 ஜோடி ஜீப்ரா பின்ச் குருவிகள் வளர்க்கிறேன். எல்லாமே கடையில் ஜோடியாக வாங்கியவை. ஒரு ஜோடி, இட்ட முட்டைகளின் மேலேயே கூடு கட்டும் நாரைப் போட்டு மூடிவிட்டு மறுபடி முட்டையிடுகிறது. வெள்ளை ஜோடியின் கூட்டுப் பானையில் 9 முட்டை. இரண்டும் மாறி மாறி அடைகாத்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. கால்சியம் குறைவு என்று கடைக்காரர் ஒரு டானிக் கொடுத்திருக்கிறார். எத்தனை சொட்டு விடலாம்?

பதில்: ஒரு சொட்டும் வேண்டாம். கால்சியம் குறைந்தால் ஓடு மெலியும், முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். முட்டை கருக்கூடாமல் போவதற்கு டானிக்கில் மருந்து இல்லை. கூண்டில் கடல் நுரை (கணவாயின் உள் ஓடு) ஒரு துண்டு தொங்கினால் சரி, அது போதும்.

ஒரு பெட்டை நாளுக்கு ஒன்றாக 4 முதல் 6 முட்டை வரைதான் வழக்கமாக இடும். 9 என்றதும் இரண்டுமே பெட்டையோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாம்பல் நிறப் பறவையில் ஆரஞ்சுக் கன்னம் ஆணைக் காட்டிக்கொடுத்துவிடும்; வெள்ளையில் அது தெரியாது. அலகைப் பாருங்கள்: ஆணுக்கு நல்ல சிவப்பு, பெட்டைக்கு வெளிறிய ஆரஞ்சு. அதைவிட நிச்சயமானது பாட்டு. ஆண் மட்டும்தான் பாடும். இரண்டு பெட்டைகளும் ஜோடி சேர்ந்து உரசி உட்காரும், கழுத்தைக் கோதிக்கொள்ளும், முறைவைத்து அடைகாக்கும். குஞ்சு மட்டும் வராது. இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் பிடியுங்கள். அடைக்கு உட்கார்ந்து ஒரு வாரம் தாண்டியும் சிவப்பு நரம்பு ஓடவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

அப்புறம் நார். கூட்டுக்குச் சாமான் சுமப்பது பெரும்பாலும் ஆணின் வேலை. கண்ணில் படுகிறவரை சுமந்துகொண்டே இருக்கும். முதல் முட்டை தெரிந்த அன்றே மிச்ச நாரை வாரி வெளியே போடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இவை ஜோடிதானா? கடைக்காரர் கூண்டுக்குள் கைவிட்டு அகப்பட்ட ஓர் ஆணையும் ஒரு பெட்டையையும் பெட்டியில் போட்டுத் தருகிறார். அதற்குப் பெயர் ஜோடி இல்லை, இரண்டு பறவை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பறவையியல் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். இதே ஜீப்ரா பின்ச்சுகளைத் தாமே துணை தேடவிட்டார்கள். பிறகு பாதி ஜோடிகளை அப்படியே விட்டு, மீதியைப் பிரித்து வேறு துணையோடு கட்டாயமாகச் சேர்த்தார்கள். தாமே தேர்ந்த ஜோடிகள் 37 சதவீதம் கூடுதலாகக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தன. கட்டாய ஜோடிகளில் கருக்கூடாத முட்டை மூன்று மடங்கு. நாருக்குள் புதைந்தும் தொலைந்தும் போன முட்டைகளும் அதிகம். உங்கள் முதல் ஜோடியின் கதையில் நாருக்கு மட்டுமே பங்கு என்று நான் நினைக்கவில்லை.

எனவே காலியான பானைகளை இறக்குங்கள். ஆணும் பெட்டையும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் காலிலும் வேறு வேறு நிற வளையம் போட்டுச் சில வாரம் சும்மா பாருங்கள். (சிவப்பு வளையம் போட்ட ஆணைப் பெட்டைகள் விரும்பும் என்று 1980களில் ஓர் ஆய்வு சொன்னது, பின்னால் செய்து பார்த்த எல்லோருக்கும் அப்படி வரவில்லை. எதற்கு வம்பு, சிவப்பையும் பச்சையையும் தவிர்த்துவிடுங்கள்.) ஆண் ஆடிப் பாடுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், எதிரில் வரும் பெட்டைக்கெல்லாம் அது ஆடும். ஒரே கொம்பில் இடைவெளியில்லாமல் ஒட்டி உட்கார்ந்து, ஒன்று தலையைச் சாய்க்க மற்றது பிடரி இறகைக் கோதுகிறதா, அதுதான் ஜோடி. பிறகு பிரிக்காதீர்கள், பழைய துணையின் குரல் காதில் விழும்வரை புதிய துணையோடு எளிதில் ஒட்டாது.

முட்டையைப் பெங்காலி பின்ச் என்ற வேறு இனக் குருவியின் அடியில் வைத்துப் பொரிக்கவைக்கும் குறுக்குவழியை யாராவது சொல்வார்கள். குஞ்சு வரும். ஆனால் அங்கே வளர்ந்த ஆண் பெரியதானதும் பெங்காலிப் பெட்டையின் பின்னால்தான் சுற்றும்.

ஜோடிகள் தெளிவானதும் 5 ஜோடிக்கு 10 பானை, எல்லாம் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று உயர்ந்திருந்தாலும் அதற்குத்தான் சண்டை. இப்போது ஏதாவது பானையில் குஞ்சு இருந்தால் அதை மட்டும் தொடாதீர்கள். பொரித்து 35 நாள் ஆகித் தானாகத் தினை கொத்தும்வரை பொறுங்கள்.