சமையலறைக் கேள்விகள்: எந்த சால்மன், எத்தனை நிமிடம்?

கேள்வி: வணக்கம் அம்மா. வேலை முடிந்து நான் வீடு சேர மாலை ஆறரை ஆகிவிடுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் தங்கை ஏர் ஃப்ரையரில் சால்மன் செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பார்த்து, நானும் இங்குள்ள மீன் கடையில் சால்மன் கேட்டு வாங்கினேன். அவள் சொன்னபடியே மசாலாத் தூள் தடவி 200 டிகிரியில் 12 நிமிடம் வைத்தேன். மேலே கருகி, உள்ளே வெள்ளைச் சதை நார்நாராக வறண்டுபோயிற்று. அவளுக்கு வருவது எனக்கு ஏன் வரவில்லை?
வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: போகிறபோக்கில் 'வெள்ளைச் சதை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. நீங்கள் வாங்கியது உங்கள் தங்கை வாங்கிய மீன் அன்று. நம் தென்னாப்பிரிக்காவில் கேப் சால்மன் என்று விற்கப்படுவது கீல்பெக் என்ற மீன். டர்பன் பக்கத்தில் காப் மீனுக்கும் டாகா சால்மன் என்றொரு பெயர் உண்டு. இரண்டும் சுவையான மீன்கள்தாம், ஆனால் சால்மன் குடும்பத்துக்கும் அவற்றுக்கும் உறவில்லை. தமிழ்நாட்டில் காலா மீன் இந்தியன் சால்மன் என்ற பெயரில் விலைபோவதைப் போன்றதுதான் இதுவும். அசல் சால்மன் நார்வே போன்ற குளிர்நாட்டுப் பண்ணைகளிலிருந்து இங்கு வருகிறது; வெட்டிய துண்டில் ஆரஞ்சு நிறமும், நடுவே வெண்கோடுகளாக ஓடும் கொழுப்பும் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் கொழுப்புதான் சமையலில் உங்கள் தங்கையைக் காப்பாற்றுகிறது. பண்ணை சால்மனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 13 கிராம் கொழுப்பு இருப்பதால், இரண்டு நிமிடம் கூடினாலும் மீன் பொறுத்துக்கொள்ளும். கொழுப்பு மிகக் குறைந்த கீல்பெக் பொறுக்காது. ஏர் ஃப்ரையர் என்பது பெயருக்குத்தான் பொரிக்கும் கருவி. உண்மையில் அது சூடான காற்றை விசிறியால் விடாமல் சுழற்றும் சிறிய ஓவன், ஆகவே ஈரத்தை இழுத்துக்கொண்டு போவது அதன் இயல்பு. கீல்பெக்கையே அதில் வைக்க விரும்பினால், இரு பக்கமும் தாராளமாக எண்ணெய் பூசி, 180 டிகிரியில், இரண்டரை சென்டிமீட்டர் தடிப்புள்ள துண்டுக்கு எட்டு நிமிடம் வைத்துத் திறந்து பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த மீனுக்குப் புளி கரைத்து ஊற்றிய குழம்பே பொருத்தம் என்பேன்.

அசல் சால்மன் கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். தலைக்கு 150 கிராம் வீதம் நான்கு துண்டுகளைக் காகிதத் துவாலையால் ஒற்றி, ஈரம் போக எடுத்துக்கொள்ளுங்கள்; ஈரத்தோடு வைத்தால் மீன் முதலில் அவிந்துவிடும், மேலே நிறம் ஏறாது. ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சீரகத்தூள், அதே அளவு சோம்புத்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள், முக்கால் தேக்கரண்டி உப்பு, சிறிது பூண்டு விழுது ஆகியவற்றை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். இந்தக் குழைத்தலில்தான் உங்கள் கருகலுக்கு மருந்து இருக்கிறது: தூளை உலர்வாகத் தூவினால் விசிறிக் காற்றில் பாதி பறந்துபோகும், மீதி தீய்ந்து கசக்கும். டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் மாமியார் மசாலா என்று வேடிக்கையாகப் பெயர்வைத்து விற்கும் செக்கச்சிவந்த தூளைச் சேர்ப்பதானால் அளவைப் பாதியாக்குங்கள். மிளகாய் மிகுந்த கலவை விரைவில் கருகும். கறிவேப்பிலையைத் துண்டுகளுக்கு அடியில் செருகுங்கள், மேலே வைத்தால் பறந்து சூட்டுக்கம்பியில் ஒட்டிக்கொள்ளும். தேன், வெல்லம் எதுவானாலும் கடைசி இரண்டு நிமிடத்தில் பூசினால் போதும். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பிறகு பிழியுங்கள். முன்பே ஊற்றி ஊறவைத்தால் புளிப்பு மேல்சதையை வெளுத்து மாவாக்கிவிடும்.

கூடையை மூன்று நிமிடம் சூடாக்கி, தோல் கீழே இருக்கும்படி இடைவெளி விட்டு அடுக்கி, 200 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் வையுங்கள். வால்பக்கத்து மெல்லிய துண்டை ஆறாவது நிமிடத்திலேயே எடுத்துவிடலாம். முள்கரண்டியால் அழுத்தினால் சதை இதழிதழாகப் பிரியவேண்டும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 63 டிகிரி காட்டவேண்டும் என்பது அமெரிக்க வேளாண்துறையின் பாதுகாப்பு அளவு. உணவகங்களில் அதற்கும் கீழே இறக்குவார்கள். பிள்ளைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் பரிமாறும் வீட்டில் நான் அதைச் சொல்லமாட்டேன். சோறு குக்கரில் வேகும் நேரத்துக்குள் மீன் தயாராகிவிடும்.

கேள்வி: உறைந்த சால்மனை நேரே கூடையில் வைக்கலாமா? வெந்த பிறகு மேலே தயிர்த்திரி போல வெள்ளையாக வடிவது என்ன?
வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வைக்கலாம், ஆனால் மசாலா பனிக்கட்டியில் ஒட்டாது. முதல் ஐந்து நிமிடம் 180 டிகிரியில் வெறுமனே வைத்து, வடிந்த நீரை ஒற்றியெடுத்து, பிறகு மசாலா பூசி மேலும் எட்டு அல்லது ஒன்பது நிமிடம் வையுங்கள். முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுவது இன்னும் நல்லது. அப்போது காற்று நீக்கி ஒட்டிய பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிடுங்கள், ஏனெனில் காற்றில்லாத உறைக்குள் மீன் உருகும்போது நச்சுண்டாக்கும் நுண்ணுயிர் வளர இடமுண்டு. வெள்ளையாக வடிவது கெட்டுப்போன அறிகுறி அன்று. அது அல்புமின் என்ற புரதம். சூடு மிஞ்சும்போது சதை இறுகி அதை வெளியே தள்ளுகிறது. நிறைய வடிந்தால் அடுத்தமுறை ஒரு நிமிடம் குறையுங்கள்.

கேள்வி: மீன் செய்த கூடையில் மறுநாள் சைவம் சமைக்க என் மாமியார் சம்மதிப்பதில்லை. வாடையை எப்படிப் போக்குவது?
வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: சூடு ஆறியதும் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி அரைமணி நேரம் ஊறவைத்து, மென்பஞ்சால் தேயுங்கள், இரும்பு நார் கூடையின் பூச்சை உரித்துவிடும். கூடையைக் கழுவியும் வாடை நின்றால், அது மேலே இருக்கும் சூட்டுக்கம்பியில் தெறித்த எண்ணெயிலிருந்து வருகிறது. மின்னிணைப்பைப் பிடுங்கி, கருவியைக் கவிழ்த்து, வினிகர் நனைத்த துணியால் கம்பியைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். புரட்டாசி விரதம் இருக்கும் வீட்டில் இவ்வளவும் செய்தாலும் மாமியாரின் மனம் ஒப்பாது என்றால், வாடையைப் பற்றி வாதாடாமல் சைவத்துக்கென்று ஒரு தனிக் கூடை வாங்கிவிடுங்கள். பல கருவிகளுக்கு அது தனியாகவே கிடைக்கிறது.