பூல் ஆட்டத்தில் ஃபவுல் ஆகாமல் ஜம்ப் ஷாட் அடிப்பது எப்படி?

கேள்வி இது: மறைத்து நிற்கும் பந்துக்கு மேலே வெள்ளைப் பந்தைக் குதிக்க வைத்தால் கிளப்பில் ஃபவுல் என்கிறார்கள், வீடியோக்களில் எல்லோரும் அடிக்கிறார்கள். எது சரி, எப்படிப் பழகுவது?

பெரும்பாலும் உங்கள் அடி நிஜமாகவே ஃபவுலாகத்தான் இருந்திருக்கும். கியூவை, அதாவது அடிக்கும் கோலைத் தாழ்வாக வைத்து, வெள்ளைப் பந்தின் அடியில் டிப்பை (கியூவின் முனையில் ஒட்டியிருக்கும் துண்டு) நுழைத்துக் கோரித் தூக்குவதைத்தான் முதலில் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். பார்க்க எளிது, பந்தும் எழும்பும். ஆனால் அங்கே டிப் நழுவி, ஃபெருலும் (டிப்புக்குப் பின்னால் இருக்கும் வளையம்) கியூவின் தண்டும் பந்தை நெம்புகின்றன. உலக பூல் விதிகளில் வேண்டுமென்றே டிப்பை நழுவவிடுவது முறைகேடான ஆட்டம். விதிப்படியான ஜம்ப் இதற்கு நேரெதிர்: கியூவின் பின்பக்கத்தை உயர்த்தி, பந்தை மேலிருந்து கீழே, துணிக்குள் அழுத்துவதுபோல அடிக்க வேண்டும். துணிக்கு அடியில் இருக்கும் கல் பலகை அதைத் திருப்பி எழுப்பும். டென்னிஸ் பந்தைத் தரையில் அடித்தால் துள்ளுகிறதே, அதே வேலைதான்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்னூக்கரில் முதல் பந்தைத் தொடும் முன் வெள்ளைப் பந்து இன்னொரு பந்துக்கு மேலே தாண்டினாலே ஃபவுல், எவ்வளவு சுத்தமாக அடித்தாலும். பிரிட்டிஷ் வகை பூலான பிளாக்பாலிலும் அப்படித்தான். எட்டுப் பந்து, ஒன்பது பந்து, பத்துப் பந்து ஆட்டங்களில் மட்டும்தான் இங்கே சொல்வது செல்லும். நம் ஊரில் பலர் ஸ்னூக்கர் மேசையில் கை பழகி பூலுக்கு வருவதால், அந்த விதியை இங்கே கொண்டுவந்து சண்டை போடுகிறார்கள்.

எவ்வளவு உயரம் வேண்டும்? பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். தடைப் பந்தின் நட்டநடுவே தாண்ட வேண்டுமானால் அந்த முழு உயரமும் வேண்டும். பாதிப் பந்து மறைத்தாலும், அதாவது நம் பந்தின் நடுக்கோடு தடைப் பந்தின் ஓரத்தைத் தொட்டுப் போனாலும், சுமார் 50 மில்லிமீட்டர் எழும்பியாக வேண்டும். பாதிக்குப் பாதிதான் வேண்டும் என்று பலர் நினைத்து ஏமாறுவது இங்கேதான். நடுக்கோடு தடைப் பந்தின் நடுவிலிருந்து 50 மில்லிமீட்டர் விலகிப் போனால்தான் உயரம் 28 மில்லிமீட்டராகக் குறையும். விளிம்பு மட்டும் இடித்தால் ஜம்ப் மிகவும் எளிதான ஷாட். முழுதாக மறைத்தால் குஷனில் (மேசையின் ஓர விளிம்பில்) அடித்துத் திரும்ப வரும் கிக் ஷாட்டை முதலில் யோசியுங்கள்.

அடுத்தது இடைவெளி. இரண்டு பந்துகளுக்கும் நடுவே ஒரு பந்து அகலம் இருந்தால், வெள்ளைப் பந்து குறைந்தது 30 டிகிரியில் கிளம்ப வேண்டும். இரண்டு பந்து அகலம் இருந்தால் 20 டிகிரி. துணி கொஞ்சம் விசையை விழுங்கிவிடுவதால் கியூவின் சாய்வு இதைவிட அதிகமாக இருக்க வேண்டும், ஒரு பந்து இடைவெளிக்கு ஏறக்குறைய 45 டிகிரி. அதற்கும் நெருக்கமாகப் போனால் 60 டிகிரிக்கு மேல் தூக்கி, கியூவை ஈட்டிபோல முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, முன்கையாலும் மணிக்கட்டாலும் குத்தும் முறை வேண்டும். அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கியூ விஷயத்தில் "ஜம்ப் கியூ ஏமாற்று வேலை, நல்ல கை இருந்தால் எதிலும் அடிக்கலாம்" என்று சிலர் கீழே எழுதுவார்கள். சாதாரணக் கியூவிலும் அடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 19 அவுன்ஸ் எடையும் மென்மையான தோல் டிப்பும் சேர்ந்தால், பந்து எழும் நேரத்தில் கியூ இன்னும் அதன் தலைமேலேயே இருக்கும். பந்து டிப்புக்கும் துணிக்கும் நடுவே நசுங்கி நிற்கும், அல்லது டிப் இரண்டாம் முறை தொட்டு ஃபவுலாகும். ஜம்ப் கியூ 8 முதல் 11 அவுன்ஸ், டிப் பீனாலிக் என்ற கெட்டியான பிளாஸ்டிக். தொடும் நேரம் குறைவு, லேசான கியூ உடனே பின்னுக்குத் தள்ளப்படும், பந்து தப்பித்து எழும். உலக விதிப்படி நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சில போட்டிகளில் பீனாலிக் டிப்பையோ ஜம்ப் கியூவையோ அனுமதிப்பதில்லை, பெயர் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

இனி அடிக்கும் விதம். நிமிர்ந்து நில்லுங்கள். விரல் நுனிகளை ஊன்றிப் பிரிட்ஜை, அதாவது கியூவைத் தாங்கும் கையை உயர்த்துங்கள், உள்ளங்கை மேசையைத் தொடக் கூடாது. கியூவை மூன்று விரலில் தளர்வாகப் பிடியுங்கள். சாய்ந்த கியூவின் கோட்டிலிருந்து பார்த்தால் பந்தின் வட்டம் எங்கே தெரிகிறதோ, அதன் நட்டநடுவே குறி. மேலே போனால் பந்து நசுங்கும். இடமோ வலமோ ஒரு துளி விலகினாலும், சாய்ந்த கியூ என்பதால் பந்து வளைந்து ஓடும். "குதித்தது, ஆனால் பந்தில் படவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடி வேகமாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், தொட்டதும் கியூ நின்றுவிட வேண்டும். பலம் வேண்டாம். முழுப் பந்தைத் தாண்டும் அடியில் பந்து காற்றில் இருப்பதே கால் நொடிக்கும் குறைவு. 30 டிகிரியில் கிளம்பினால் ஏறக்குறைய 40 சென்டிமீட்டரில் இறங்கிவிடும். குறிப் பந்து அதற்கு முன்னால் இருந்தால் வெள்ளைப் பந்து அதன்மேல் ஏறி மேசையை விட்டே வெளியேறலாம், அதுவும் ஃபவுல்.

பழகும்போது எடுத்த எடுப்பிலேயே பந்தைத் தடையாக வைக்காதீர்கள். முதலில் துணிமேல் ஒரு கியூவைக் கிடத்தி அதைத் தாண்டுங்கள். பிறகு சாக்கட்டி. பிறகு கால்வாசி மறைக்கும் பந்து. பத்தில் ஏழு சுத்தமாகத் தாண்டினால்தான் அடுத்த நிலை. பந்து எழவே இல்லையென்றால் சாய்வைக் கூட்டுவதற்கு முன் பிடியைத் தளர்த்திப் பாருங்கள், பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேதான். நடுவர் இல்லாத ஆட்டத்தில், பல போட்டிகளின் விதிப்படி, தடைப் பந்து கையாலோ கியூவாலோ அசைந்தாலும் ஃபவுல்தான். அங்கே வேறு அடிகளில் மன்னிக்கப்படும் அசைவு ஜம்பில் மன்னிக்கப்படாது.

கிளப்காரர்களிடம் ஒரு வார்த்தை. "துணி கிழியும்" என்று சொல்லி ஜம்பையே தடை செய்கிறீர்கள். துணியைக் கிழிப்பது கோரும் அடி, டிப் துணிக்குள் உழுவதால். சரியாக அடித்த ஜம்ப் ஒரு வெள்ளைப் புள்ளியைத்தான் விட்டுச் செல்லும். பழகும் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பந்துக்கு அடியில் போட ஒரு பழைய துணித் துண்டு கொடுத்தால் அந்தப் புள்ளியும் விழாது. அப்படியும் வேண்டாம் என்றால் அது உங்கள் மேசை, உங்கள் உரிமை. ஆனால் அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். காசு கட்டி ஆட்டம் பாதியில் நிற்கும்போது "இங்கே ஜம்ப் கிடையாது" என்று சொல்வது நியாயமே இல்லை. தேய்ந்து காளான்போல விரிந்த டிப்போடு கியூக்களை அடுக்கி வைத்துவிட்டு, ஆடுபவர் கையைக் குறை சொல்வதும் அப்படித்தான்.